ஆமாம், பிரிந்திருந்தோம்

1

விசா அலுவலகத்திலிருந்து வந்த காகிதத்தில் ஐந்து வரிக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். ஐந்து வரியில் அடங்குகிற விஷயம் இல்லை இது. அதனால் மிச்சத்தை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் மயிலாப்பூரில் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. கல்யாண வீட்டில் போட்டோ எடுக்க வந்தால் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரரும் நானும் மெல்போர்னில் மகன் செந்தில் வீட்டில் இருக்கிறோம். இங்கேயே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பம் போட்டிருக்கிறோம். அதற்கு நாங்கள் புருஷன் பெண்சாதிதான் என்று நிரூபிக்க வேண்டுமாம். எங்கள் கல்யாணம் தென்காசிப் பக்கம் அவர் ஊர் அம்மன் கோவிலில் நடந்தது. அந்தக் காலத்தில் பதிவு யார் செய்தார்கள்? எடுத்த ஒரே போட்டோவையும் கரையான் தின்றுவிட்டது. “தாலியைக் காட்டினால் போதாதா?” என்று கேட்டேன். பேத்தி நிலா சிரித்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் காதில் விழும், வாயில் வராது. சிரிப்பு மட்டும் தமிழில் சிரிப்பாள்.

காகிதம் இல்லாததால் டெலிபோனில் விசாரித்தார்கள். அதிகாரி ஆங்கிலத்தில் கேட்க, இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருத்தி எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். மரியாதையான பிள்ளை. எந்த ஊர், எத்தனை குழந்தைகள், யார் சமைப்பது என்றெல்லாம் கேட்டுவிட்டு, “அம்மா, நீங்கள் ரெண்டு பேரும் எப்பவாவது பிரிஞ்சு இருந்தனீங்களோ எண்டு கேக்கினம்” என்றாள்.

அவர் “இல்லை” என்றார். அதே நேரத்தில் நான் “இருந்தோம்” என்றேன்.

அந்தப் பெண் மெதுவாக, “ரெண்டையும் சொல்லட்டோ?” என்று கேட்டாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. இருவர் பதிலும் பொருந்தவில்லை; பிரிந்திருந்தால் எப்போது, ஏன், எப்படிச் சேர்ந்தீர்கள் என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு இருபத்தெட்டு நாளுக்குள் அனுப்ப வேண்டும். செந்தில் அதைப் படித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“ரெண்டு பேரும் ரெண்டு விதமாச் சொன்னா கல்யாணமே சந்தேகம்னு வெச்சுடுவாங்கம்மா. அப்புறம் நீங்க ரெண்டு பேரும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.”

“இல்லன்னு எழுதிப் போடுலே. சோலி முடிஞ்சுது” என்றார் அவர். ஐம்பது வருஷம் மெட்ராஸிலும் வெளிநாட்டிலும் இருந்தும் அவருடைய பேச்சு தென்காசியை விட்டு நகரவில்லை.

“இருந்தோமே” என்றேன்.

“என்னத்த இருந்தோம்? கவர்மெண்டு காயிதத்துல, என் பொண்டாட்டி என்னைய விட்டுட்டுப் போயிருந்தான்னு எழுதணுமாக்கும்?”

“விட்டுட்டுப் போகலை. பிரசவத்துக்குப் போனேன்.”

“பிரசவத்துக்குப் போனதைப் பிரிஞ்சிருந்தோம்னு யாராவது சொல்லுவாவளா?”

“பிரசவத்துக்குப் போயிட்டு அஞ்சு மாசம் ரெண்டு பேரும் பேசிக்கலைன்னா அதுக்குப் பேர் வேற என்ன?”

“நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். செந்தில் என்னைப் பார்த்தான். அவர் அதை அவமானம் என்று நினைக்கிறார். நானோ என் வாழ்க்கையில் வேறு எதையும்விட அதைத்தான் பெருமையாக நினைக்கிறேன். அது எப்படிப் பெருமையாகும் என்று சொல்ல வேண்டுமானால் அபிராமபுரத்து மாடி அறையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

2

எழுபதுகளின் தொடக்கம். தலைப்பிரசவத்துக்கு மயிலாப்பூரில் அம்மா வீட்டுக்கு வந்தவள் நான். செந்தில் பிறந்தபின், அம்மா அபிராமபுரத்தில் வேலை செய்துவந்த வீட்டுக்கு அவளுக்குப் பதிலாக நான் போக ஆரம்பித்தேன். அம்மாவுக்கு முட்டிவலி. அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். நான் காலையில் போய்ப் பகலில் திரும்புவேன்.

அந்த வீட்டு அம்மா வெளிநாட்டில் மனநலம் படித்துவிட்டு வந்தவர். டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். மாடி அறையில் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து வந்து அவரைப் பார்ப்பார்கள். அப்போது அதற்கு ஒரு பேர் கிடையாது. தெருவில் ‘புருஷன் பொண்டாட்டி பஞ்சாயத்து’ என்பார்கள். டாக்டரம்மாவுக்கு அது பிடிக்காது. “பஞ்சாயத்துன்னா தீர்ப்பு உண்டு. இங்க தீர்ப்பு கிடையாது. அதான் எல்லாரும் ஏமாந்து போறா” என்று சிரிப்பார்.

அறையில் இரண்டு பிரம்பு நாற்காலிகள் நேருக்கு நேர் போட்டிருக்கும். டாக்டரம்மா பக்கவாட்டில் ஒரு மணையில் உட்காருவார். வருகிற பெண்கள் பாதிப்பேர் புருஷன் எதிரில் நாற்காலியில் உட்கார மாட்டார்கள். சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு புடவைத் தலைப்பைத் திருகுவார்கள். “நின்னுண்டு பேசினா அது விண்ணப்பம். உக்காந்துக்கோம்மா, அப்பத்தான் பேச்சு” என்பார். சில பேரை உட்கார வைக்கவே இரண்டு வாரம் ஆகும்.

என் வேலை கேட்டைத் திறப்பது, கூட்டுவது, கூஜாவில் தண்ணீர் வைப்பது, நோட்டில் பெயர் எழுதுவது. அறைக்கு வெளியே திரைச்சீலைக்கு இப்பால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே பேசுவது காதில் விழும். விழுந்ததை வெளியில் சொல்ல மாட்டேன் என்று டாக்டரம்மாவிடம் சத்தியம் செய்துகொடுத்திருக்கிறேன். இங்கே நான் எழுதும் பெயர்கள் உண்மைப் பெயர்கள் இல்லை.

முதல் மாதமே ஒரு தப்புச் செய்தேன்.

கொட்டிவாக்கத்திலிருந்து ஒரு ஜோடி வந்தது. அந்தோணி கடலுக்குப் போகிறவர். லூர்து அந்த மீனைக் கூடையில் தூக்கிக்கொண்டு வந்து மந்தைவெளி, அபிராமபுரம் தெருக்களில் விற்பவள். டாக்டரம்மா வீட்டு வாசலில் கூடையை இறக்கி வைத்து அழுததில்தான் பழக்கம். அவள் புருஷனை இழுத்துக்கொண்டு வந்ததே பெரிய சாதனை.

“இன்னாத்த சொல்றது டாக்டரம்மா! இவங்கூட பேசறதுக்கு அந்தக் கட்டுமரத்தாண்ட பேசலாம். அதாவது ஆடும். இது ஆடக்கூட ஆடாது” என்று லூர்து ஆரம்பித்தாள் என்றால் திரைச்சீலை நடுங்கும். அந்தோணி வாய் திறக்கவில்லை. அவள் குரல் ஏறிக்கொண்டே போய், “வாயத் தொறடா, கல்லு மாரி குந்திகினுகீறியே!” என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். நான் பயந்துபோய்த் தண்ணீர்ச் செம்போடு உள்ளே ஓடினேன். “தண்ணி குடிங்கம்மா, தண்ணி குடிங்க” என்று லூர்துவின் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். அவளும் குடித்தாள். அந்தோணி எழுந்து, “போலாம்” என்றார். போய்விட்டார்கள்.

நான் ஏதோ தீயை அணைத்துவிட்ட மாதிரி நின்றேன். டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. “வள்ளி, அந்தச் சண்டை அவாளோடது. அதைப் பார்க்கத்தான் ரெண்டு பேரும் அத்தனை தூரம் வந்தா. நீ நடுவுல புகுந்து வாங்கி வெச்சுண்டா அவா எதைப் பார்ப்பா?” என்றார். “அடிக்கக் கையை ஓங்கினா ஓடி வா. கத்தினா உக்காந்திரு.”

எங்கள் தெருவில் சண்டை என்றால் விலக்கிவிடுவதுதான் வழக்கம். விலக்கி விடுபவருக்குத்தான் நல்ல பெயர். சண்டையை உட்கார்ந்து கேட்கலாம், அதில் தெரிந்துகொள்ள ஏதோ இருக்கிறது என்று எனக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை.

3

இங்கே எங்கள் வீட்டில் அந்தக் கடிதம் வந்ததிலிருந்து மூன்று நாள் பேச்சில்லை. வழக்கமாகக் காலையில் இருவரும் சேர்ந்து ஏரிப் பக்கம் நடப்போம். எதிரில் வருகிற வெள்ளைக்காரர்கள் “மார்னிங்” என்பார்கள். அவர் சத்தமாகத் திருப்பிச் சொல்வார், நான் தலையை மட்டும் ஆட்டுவேன். இந்த மூன்று நாளும் அவர் பத்தடி முன்னால் போனார். நான் பின்னால். வழக்கமாக நாயோடு வருகிற ஒரு கிழவி எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். அதற்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

நிலா பள்ளிக்கூடம் விட்டு வந்து, “பாட்டி, தாத்தா ஆங்ரி?” என்றாள். “தாத்தாவுக்குப் பயம்” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. கோபத்துக்கும் பயத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே லூர்துதான்.

நான் தண்ணீர் கொடுத்துக் கெடுத்த பிறகு லூர்துவும் அந்தோணியும் திரும்பி வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. வந்தார்கள். டாக்டரம்மாவிடம் ஒரு முறை உண்டு. ஒருவர் பேசுவார். மற்றவர் அதற்குப் பதில் சொல்லக் கூடாது. கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் ‘ஆமாம், அதுதான்’ என்று ஒத்துக்கொள்கிறவரை விடமாட்டார். கேட்பதற்குச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் படித்தவர்கள், வக்கீல்கள், வாத்தியார்கள் எல்லாம் அதில் திணறியதை நான் கேட்டிருக்கிறேன்.

“நீ சொல்லு லூர்து. ஒண்ணே ஒண்ணு.”

“கரைக்கு வந்தா மீனைக் காட்டறான், மூஞ்சியக் காட்ட மாட்டேன்றான். கொட்டிட்டு அப்பால போய் வலையாண்ட குந்திக்கினு இருக்கான். நான் ராத்திரியெல்லாம் கடலப் பாத்துகினு கெடந்தது யாருக்கு?”

“அந்தோணி, அவ என்ன சொன்னா?”

“திட்டுறா.”

“அது நீ நினைச்சது. அவ சொன்னது என்ன?”

இப்படியே நாலாவது வாரம் வந்தது. அன்றைக்கு அந்தோணி, “நான் திரும்பி வர்றனான்னு… ராத்திரி தூங்காம பாத்துகினு இருக்கா. வந்தா மூஞ்சியப் பாக்கணும்னுறா” என்றார். லூர்து ‘ஆமாம்’ என்று சொல்லவில்லை. ஓவென்று அழுதாள். நான் ஸ்டூலை விட்டு எழவில்லை.

பிறகு அந்தோணியின் முறை. அவ்வளவு நாள் பேசாத மனுஷன் சொன்னது இதுதான்: கரையில் இறங்கினாலும் ஒரு நாழிகைக்குக் காதுக்குள் அலை நிற்காது. தலை ஆடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் யார் பேசினாலும் கல்லெறிவது மாதிரி இருக்கும். கோபம் ஒன்றும் இல்லை. லூர்து அதைத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்து, “காதுல அலை நிக்காதாம்…” என்று பாதியில் நிறுத்திவிட்டாள். “ஏண்டா, இத கல்யாணம் கட்டின அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?” என்றாள்.

“நீ கேக்கல.”

“நான் கேக்காம இருந்தனா! ஊரே கேக்கற மாரி கேட்டேனே!”

இருவரும் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தார். அதன்பிறகு ஒரு ஏற்பாடு. அவர் கரைக்கு வந்ததும் லூர்துவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். ஒரு சொம்பு கஞ்சி குடித்து முடிக்கிறவரை அவள் வாய் திறக்கக் கூடாது. அவ்வளவுதான். லூர்து பிறகு வருஷக் கணக்காக டாக்டரம்மா தெருவில் மீன் விற்றாள். என்னைப் பார்த்தால், “இன்னா வள்ளி, தண்ணி கொண்டாரட்டா?” என்று கிண்டல் செய்யாமல் போக மாட்டாள்.

எல்லோருக்கும் இப்படி முடியவில்லை. ஒரு ஜோடி ஆறு மாதம் வந்து, ஒருவர் சொன்னதை ஒருவர் சரியாகக் கேட்டு, கேட்டபிறகு தனித்தனியாக இருப்பதுதான் சரி என்று எழுந்து போனார்கள். வாசலில் அந்த ஆள் அந்தப் பெண்ணுக்குக் குடையை விரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அழுதேன். டாக்டரம்மா, “இதுவும் நம்ம வேலைதான்” என்றார்.

4

ஊருக்கெல்லாம் நடப்பதைக் கேட்டுக்கொண்டு நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்த மாதங்களில் என் வீட்டுக்காரர் தியாகராய நகரில் இருந்தார். அங்கே ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. மயிலாப்பூரிலிருந்து ஒரே பஸ். குழந்தைக்குப் பேர் வைத்த அன்றைக்கு வந்தார், போனார். பிறகு வரவில்லை. மூன்றாம் மாதம் முடிந்தது, நான்காம் மாதம் முடிந்தது. கூட்டிப் போகவும் இல்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை.

“அவுங்க வந்து மரியாதையா இட்டுக்கினு போவட்டும். நாமளா போயி நின்னா நாளைக்கு மதிப்பானா?” என்றாள் அம்மா. குழாயடியில் பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். ‘வாழாவெட்டி’ என்ற வார்த்தை இன்னும் யாரும் சொல்லவில்லை, நாக்கு நுனியில் இருந்தது.

ஒருநாள் கூஜாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா கேட்டார். “உங்காத்துக்காரர் எங்கே வள்ளி?”

சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன். அவர் அடடா என்று பரிதாபப்படவில்லை. “அவர் இப்போ உன்னைப் பத்தி மனசுல என்ன சொல்லிண்டு இருப்பார்?” என்று கேட்டார்.

யோசித்தேன். “தெரியலைம்மா.”

“அஞ்சு மாசமா அவர் மேல கோபமா இருக்கே. அவர் என்ன சொல்றார்னே தெரியாமலா?”

என் வீட்டுக்காரரை அங்கே அழைத்து வரலாம் என்றால் கடையில் பண்டிகை நேரம், லீவு கிடையாது. மூன்றாம் நாள் குழந்தையை அம்மாவிடம் விட்டு, டாக்டரம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போனேன்.

கடையில் வேலை செய்கிறவர்களைச் சொந்தக்காரர்கள் வந்து பார்க்கக் கூடாது என்று கண்டிப்பு. அதனால் வாடிக்கைக்காரி மாதிரி உள்ளே போனேன். வெள்ளை விரித்த மெத்தையில் அவர் உட்கார்ந்து சேலை மடித்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் பருமனான ஒரு அம்மாள் சேலைக் குவியலுக்கு நடுவில் இருந்தார். என்னைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் கையிலிருந்த சேலை மடிப்பு குலைந்துவிட்டது. தூரத்தில் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார்.

“வாங்கம்மா. என்ன பாக்கணும்?” என்றார் என் வீட்டுக்காரர்.

“சுங்குடி காட்டுங்க.”

ஒன்றைப் பிரித்தார். நான் சேலையைத் தடவுவது போலக் குனிந்து, “நான் ஒண்ணு சொல்றேன். நீங்க பதில் சொல்லக் கூடாது. நான் சொன்னதை மட்டும் திருப்பிச் சொல்லணும்” என்றேன்.

“இதென்ன வெளயாட்டு? சூப்பர்வைசர் பாக்காரு.”

“சேலையைப் பிரிச்சுக்கிட்டே சொல்லுங்க.”

“ம்.”

“வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா நீங்களோன்னு எழுந்து போய்ப் பார்க்கிறேன். நீங்க இல்லை. தினம்.”

இன்னொரு சேலையைப் பிரித்தார். “என் மேல தப்புங்கே.”

“அது நான் சொல்லலை.”

“ஒனக்குக் கோவம்.”

“அதுவும் சொல்லலை. நான் சொன்னதைச் சொல்லுங்க.”

அவர் கை நின்றது. “செருப்புச் சத்தம் கேட்டா… நானோன்னு வந்து பாக்கே. நான் இல்ல.”

“தினம்.”

“தெனம்” என்றார். கண்ணைத் துடைக்க முடியாமல் சேலை ஓரத்தை மடித்தார். “நான் எப்படி வள்ளி வர? ஒங்க வீட்டுலல்லா கொண்டாந்து விடணும்?”

“கொண்டாந்து விடறதா? நீங்க வந்து கூட்டிக்கிட்டுப் போகணும்!”

“எங்க ஊருல பொண்ணு வீட்டுக்காரவதான் பிள்ளையையும் தாயையும் சீரோட கொண்டாந்து விடுவாவ. கொண்டாந்து விடலன்னா, அனுப்ப மனசில்லன்னு அர்த்தம்.”

“எங்க பக்கம் மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து வந்து அழைக்கணும். அழைக்கலைன்னா வேண்டாம்னு அர்த்தம்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஐந்து மாதமாக அவர் அங்கே வழி பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் இங்கே வழி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்திலிருந்த பருமனான அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். “ஏம்ப்பா, நடுவுல தேனாம்பேட்டைன்னு ஒரு ஊர் இருக்கே, தெரியாதா? அவங்க அங்க கொண்டாந்து விடட்டும், நீ அங்க வந்து கூட்டிக்கிட்டுப் போ. அவ்ளோதான். இப்ப எனக்கு அந்தப் பச்சையை எடுத்துக் காட்டுப்பா, நேரம் ஆவுது” என்றார்.

என் வீட்டுக்காரர் என்னிடம் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சூப்பர்வைசர், “என்ன, அம்மாவுக்கு எதுவும் புடிக்கலியா?” என்று வந்து, அவரை மாடிக்குச் சரக்கு எடுக்க அனுப்பிவிட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மயிலாப்பூர் வரை சிரித்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

5

நாளும் நேரமும் எழுதி அவருக்கு ஒரு கார்டு போட்டேன்; அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் நடந்தது. அம்மா முதலில், “இன்னாடி இது, ரோட்டுல வெச்சுப் பொண்ண அனுப்பறது?” என்று குதித்தாள். “நீ கொண்டாந்து விட வேணாம்மா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தொணைக்கு வா” என்றேன். தேனாம்பேட்டை நிறுத்தத்தில் நாங்கள் இறங்கினோம். அவர், கூட வேலை செய்பவரின் இஸ்திரி போட்ட சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அம்மா தலையில் பூ வைத்துக் குங்குமம் இட்டு அனுப்பினாள். அம்மா கணக்கில் குழந்தையும் நானும் அழைத்துப் போகப்பட்டோம். அவர் ஊர்க் கணக்கில் கொண்டுவந்து விடப்பட்டோம். யாருக்கும் தலை இறங்கவில்லை.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னபோது அவர் மணையிலிருந்து எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நான் வெளிநாடு போய்ப் படிச்சுண்டு வந்ததை நீ சேலைக்கடையில பண்ணிட்டு வந்திருக்கே” என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அங்கே வேலை பார்த்தேன். தனியாக முதலில் வந்து சேர்கிற ஆளோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். பேச வேண்டாம், சமாதானம் சொல்ல வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். கூச்சக்காரிக்கு இதைவிட நல்ல வேலை உண்டா? எத்தனையோ பேர் என் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு உள்ளே போனார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அதனால்தான் டெலிபோனில் “இருந்தோம்” என்று வாய் முந்திக்கொண்டது. அதை இல்லை என்று எழுதினால் அந்தக் கடையில் நான் போய் உட்கார்ந்ததும் இல்லை என்று ஆகிவிடும்.

6

நாலாம் நாள் இதையெல்லாம் சுருக்கி ஐந்து வரியாக எழுதிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். சனிக்கிழமைப் பகல். செந்தில் கம்ப்யூட்டரைத் திறந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான். அவர் தோட்டத்திலிருந்து வந்து, கை கழுவிவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார்.

“எல்லாம் சரிதான்” என்றார்.

“அப்ப கையெழுத்துப் போடுங்க.”

“இது உன் பக்கம். என் பக்கம் எங்க?”

“உங்க பக்கமும் எழுதியிருக்கேனே. உங்க ஊர் வழக்கம், கொண்டாந்து விடணும்னு…”

“அது வழக்கம். கூட்டிட்டுப் போவ வராததுக்கு அது காரணம். பிள்ளையப் பாக்கக்கூட வராததுக்கு அதுவா காரணம்?” கண்ணாடியைக் கழற்றினார். “அன்னைக்குச் சொல்ல வந்தேன். சூப்பர்வைசர் மாடிக்கு அனுப்பிட்டாரு. நீ அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுதியே, திருப்பிச் சொல்லுறது, திருப்பிச் சொல்லுறதுன்னு. அதுல ரெண்டு பேருக்கும் முறை உண்டுல்லா?”

எனக்குச் சுரீர் என்றது. அத்தனை வருஷம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் நான். ஒரு ஜோடிக்குக்கூட டாக்டரம்மா பாதியில் நிறுத்திப் பார்த்ததில்லை. என் வீட்டில் நானே நிறுத்தியிருக்கிறேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவருக்கு நேர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“சொல்லுங்க.”

அவர் மேஜை விரிப்பை நீவினார். சேலை நீவுகிற அதே கை.

“பேர் வச்ச அன்னைக்கு வந்தேன். உங்க வீடு நெறைய ஆளு. எல்லார் கையிலயும் பிள்ளை போச்சு. எதுத்த வீட்டுக்காரி, பால்காரம்மா, எல்லாரும் வாங்கிக் கொஞ்சினாவ. நானும் எந்திரிச்சு நின்னேன், கையை நீட்டிக்கிட்டு. உங்கம்மா, ஆம்பளைக்குப் பிடிக்கத் தெரியாதுன்னு அந்தாக்குல அப்படியே தொட்டில்ல போட்டுட்டா. சாப்பிட்டுட்டு வந்துட்டேன். அங்க நான் எதுக்குன்னு தோணிச்சு. அதுக்கப்புறம் பஸ் ஏறப் போவேன், கால் வராது.”

அம்மா வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்ல நாக்குத் துடித்தது. சொல்லவில்லை.

“பேர் வெச்ச அன்னைக்குக் குழந்தை எல்லார் கைக்கும் போச்சு” என்றேன். “நீங்க எழுந்து நின்னு கையை நீட்டினீங்க. யாரும் கொடுக்கலை. நீங்க அங்க எதுக்குன்னு தோணிடுச்சு.”

“ஆமா. அதுதான்.”

“நானும் கொடுக்கலை” என்றேன்.

“நீயும்னு நான் சொல்லலியே.”

“நான் சொல்றேன்.”

அவர் என்னைப் பார்த்தார். கோபம் எங்கேயும் இல்லை. பெரிய பாரத்தைக் கீழே இறக்கிவைத்தவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்தார். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது, கட்டினவரைப் பற்றிப் புதிதாக ஒன்றை இந்த வயதில் தெரிந்துகொள்ள எத்தனை பேருக்குக் கொடுத்துவைக்கும்?

கம்ப்யூட்டர் சத்தம் நின்றுபோயிருந்தது. செந்தில் தட்டுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்த பிள்ளை.

“அப்பா, நான் அன்னைக்கு அழுதேனா?”

“இல்லலே. தூங்கிட்டிருந்த. வலது கை மட்டும் துணிக்கு வெளிய கெடந்துது. வெரலை இப்படி மடக்கி வச்சிருந்த” என்று தன் விரல்களை மடக்கிக் காட்டினார்.

பிறகு பேனாவைக் கேட்டார்.